மரத்துப்போன உதடு

"அந்தக் கருவிக்கு சர்டிபிகேட் குடுத்துடாதீங்க, மிஸ்."

உட்காரச் சொல்வதற்கு முன்பே அந்த மனிதர் சொன்னது இதுதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஷாமினி நிமிர்ந்தாள். மருத்துவக் கருவிகள் விற்பனைக்கு வருமுன் அவற்றின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் அலுவலகத்தில் அவள் அதிகாரி.

"எந்தக் கருவி, அங்கிள்?"

"கிள்ளான்ல இருக்கிற கம்பெனியோடது. பல் ஆபரேஷன்ல எலும்பைக் குடையறது."

அந்தக் கோப்பு அவள் மேசையிலேயே இருந்தது. அன்று மாலை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"அதைப் பத்தி வெளியாள்கிட்ட நான் பேச முடியாது. சாரி."

"நீங்க பேச வேணாம், நான் சொல்றேன். விடாம பத்து நிமிஷம் ஓடினா கருவியோட தலைப்பக்கம் சூடேறுது."

"டெஸ்ட் ரிப்போர்ட்ல சூடு அளவுக்குள்ளதான் இருக்கு. எல்லாம் பாஸ் லா."

"டெஸ்ட் பண்ணது புதுசு. கிளினிக்ல ஒவ்வொரு ஆளுக்கும் அப்புறம் நீராவியில வெச்சுத்தானே கிருமிய கொல்றாங்க? இருநூறு தடவை அப்படி வெச்சா உள்ள சுத்தற பேரிங் தேஞ்சிடுது. சூடு அதுக்கப்புறம்தான் வருது."

"கம்பெனிக்காரங்ககிட்டயே நேரா சொல்லலாமே?"

"சொன்னாச்சு. பாஸானதை ஏன் கெடுக்கிறேன்னு கேட்டாங்க."

பையிலிருந்து துணியில் சுற்றிய கருவி ஒன்றை எடுத்து வைத்தார்.

ஷாமினியின் முகம் மாறியது. "இது இன்னும் கடைக்கே வரல. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"போட்டிக் கம்பெனியா நீங்க?"

"எப்படி வேணும்னாலும் நெனச்சுக்குங்க. இது இருநூறு தடவை நீராவியில வெச்சது. ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க, போதும்."

வெளியே அனுப்பிவிடத்தான் நினைத்தாள். பிறகு, சூடில்லை என்று காட்டியே அனுப்பலாம் என்று தோன்றியது. அடுத்த அறையிலிருந்த சோதனை மோட்டாரில் கருவியைப் பொருத்தினாள். ஓடவிட்டு, கருவித் தலையின் பின்பக்கத்தில் விரலை வைத்தாள்.

நான்காவது நிமிடம் இளஞ்சூடு. ஏழாவது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்பதாவது நிமிடம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க விரல் சொல்லிடுச்சு," என்றார் அவர் மெதுவாக. "இந்தப் பின்பக்கம்தான் உதட்டுல படும். ஊசி போட்டு மரத்துப்போன உதடு சொல்லாது, மிஸ். டாக்டர் கையில உறை, அவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் மரப்பு எறங்கின பிறகுதான் உதடு வெந்து போனதே தெரியும்."

ஷாமினி விரலைத் தண்ணீரில் நனைத்தாள்.

"ஃபைல நிறுத்தி வெக்கிறேன். பழசான கருவிய வெச்சு மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்றேன். ஆனா நீங்க எழுதிக் குடுக்கணும். பேர் இல்லாத புகாரை எடுக்க மாட்டாங்க."

"குடுங்க, எழுதறேன்."

புகார்ப் படிவத்தை நீட்டினாள். அவர் எழுதத் தொடங்கியதும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க, அங்கிள். ஆறு வருஷம் உழைச்சு ஒரு மனுஷர் இதை உருவாக்கியிருக்கார்னு ஃபைல்ல இருக்கு. இதோட அவர் வேலையே போயிடலாம். அவரைப் பத்தி யோசிச்சீங்களா?"

அவர் பேனா ஒரு கணம் நின்றது.

"மூணு வாரமா வேற எதையும் யோசிக்கல, மிஸ்."

எழுதி முடித்து, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கருவியை மேசையிலேயே விட்டுச் சென்றார்.

ஷாமினி படிவத்தை எடுத்துப் படித்தாள். பெயர், வேலாயுதம். கீழே, 'இந்தக் கருவியுடன் உங்களுக்கு என்ன தொடர்பு?' என்ற கேள்விக்கு எதிரே அவர் எழுதியிருந்தார்:

'இதை உருவாக்கியவன்.'