கோல்டு கணக்குக்குப் பத்து மார்க்

"விபத்துக் காப்பீட்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டுக்கோம்மா," என்றார் லாரி டிரைவர்.

கோல்டு கணக்குப் பிரிவின் அதிகாரிப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டு வங்கி தருகிற சலுகைகளைப் பற்றிக் காலையிலிருந்து பதினான்கு பேரிடம் கருத்துக் கேட்டிருந்தாள். பதினான்கு பேரும் திட்டிவிட்டுத்தான் போனார்கள்.

"நிஜமாவா ஐயா? பத்தா?"

"பன்னிரண்டே நாள்ல பணம் கைக்கு வந்துச்சு. மறு கேள்வி கேக்கல. இதுக்கு மேல ஒரு பேங்கு என்ன செய்யும்?"

கணக்கை மூட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரி சடாரென்று திரும்பினாள். "உங்களுக்கு யோகம் பெரியவரே. என் வீட்டுக்காரர் சாரத்திலேருந்து விழுந்து ஆறு மாசம் படுத்துக் கிடந்தாரு. நானும் இதே கோல்டு கணக்குதான். எனக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா? ஒரு குடை!"

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான்மா காப்பீடு. வீட்டுக்காரருக்குக் கிடையாது. தாள்லயே போட்டிருக்கே," என்றாள் அதிகாரிப் பெண்.

"போட்டிருக்கு, போட்டிருக்கு. எறும்பு படிக்கிற எழுத்துல போட்டிருக்கு."

மேஜையில் பேனாவை நூலால் கட்டி வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் சலுகை கொடுக்கிற இடத்தில் ஒரு பேனாவுக்கு இவ்வளவு பயம்.

டிரைவர் அந்தச் சண்டையில் வாயைக் கொடுக்கவில்லை. அவர் வந்த வேலை வேறு. வலது கண் போன வருடமே அவிந்துவிட்டது. இடது கண்ணுக்கு நாளைக் காலை ஆபரேஷன். இன்று சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும், அடுத்த தேதி வரை இந்தக் கண் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டிச் சேர்த்தது எல்லாம் இந்த வங்கியில்தான் கிடந்தது. கணக்கைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

போன வாரம் கீழே கவுண்டரில் விஷயத்தை உள்ளது உள்ளபடி சொன்னார். சிரித்தார்கள். மறுபடி சொன்னார், காவலாளியைக் கூப்பிட்டார்கள். அதனால் இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"உங்க பூட்டை நான் பாக்கறேன் ஐயா. முதல்ல இந்தப் படிவத்தை முடிச்சிடலாம்." அதிகாரிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மார்க் வரலைன்னா இந்த மாசத்தோட என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அடுத்தது, ஏர்போர்ட்ல ஓய்வறை. எவ்வளவு போடலாம்?"

"நான் லாரி ஓட்டினவன்மா. ஏரோப்ளேனை அண்ணாந்து பாத்ததோட சரி. கழுத்து வலிக்கு ஏதாவது சலுகை இருந்தா சொல்லு."

தையல்காரி களுக்கென்று சிரித்தாள்.

"போன்லயே டாக்டர்கிட்ட பேசற வசதி?"

"ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னான். அமுக்கி அமுக்கி என் விரல் வீங்கினதுதான் மிச்சம். டாக்டர் வரல."

அவள் அந்த இரண்டு கட்டங்களையும் காலியாகவே விட்டுத் தாண்டினாள். "கணக்கு எப்பலேருந்து பூட்டியிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? வெளியூர்ல ஒரு கிடங்குல ஏழு மாசம் காவலுக்கு இருந்தேன். திரும்பி வந்து கார்டைச் சொருகினா, மெஷின் அதை முழுங்கிடுச்சு."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நீங்க ஏன் அலையணும்? பிள்ளைங்க யாரையாவது அனுப்பியிருக்கலாமே?"

"ஒருத்தன் இருக்கான். போன் போடறேன். என் குரலைக் கேட்டதும் வெச்சிடறான்."

"நல்லா வளத்தீங்க போங்க," என்று தையல்காரி உச்சுக்கொட்டினாள்.

வங்கி மூட இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டான்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு ஐயா. பத்து மார்க் போட்டா காரணம் எழுதணுமாம். நடந்ததைச் சொல்லுங்க. உங்க போட்டோவை எடுத்து, 'எங்கள் திருப்தியான வாடிக்கையாளர்'னு வாசல்லயே ஒட்டிடலாம்."

"ஒட்டும்மா. எனக்கும் ஒரு அத்தாட்சியா இருக்கும்."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"பஸ் கவுந்துச்சு. முகம் அடையாளமே தெரியலையாம். என் பையன் போய் சட்டையைப் பாத்துட்டு ஆமாம்னு சொல்லியிருக்கான். கேட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டாம் நாள் பணம் அவன் கையில."

"அடப் பாவமே!" வேகமாக எழுதிக்கொண்டே வந்தவள் படிவத்தின் அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்தாள். "இறந்தது யாருன்னு கேட்டிருக்காங்க. உங்களுக்கு அவங்க என்ன வேணும் ஐயா?"

"நான்தாம்மா."