பூக்கட்டும் நூல்

இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் வேதவல்லியின் மார்பைப் பிளந்து தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உரக்கக் கூப்பிடக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தணிகாசலம் அவள் பூக்கட்டும் நூலை எடுத்து, ஒரு முனையை மனைவியின் விரலில் சுற்றினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

“எது வேணும்னாலும் லேசா ஒரு சுண்டு சுண்டு. ஓடி வந்துடறேன்.”

நூல் அவரோடு அடுக்களைக்குப் போனது, கொல்லைக்குப் போனது, தீரவே இல்லை. ஒருநாள் கீரை வாங்கத் தெருவுக்கும் கூடவே வந்தது. மாடுகள் மிதித்தன, சைக்கிள்கள் ஏறிப் போயின, அறுந்துபோகவில்லை. கீரைக்காரி ஒன்றும் கேட்காமல் நூலுக்கடியில் குனிந்து கீரைக்கட்டை நீட்டினாள். அப்போது மணிக்கட்டில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கீரையைப் போட்டுவிட்டு ஓடினார்.

தெருமுனையில் வேதவல்லி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் தலையணையை நெஞ்சோடு அணைத்து, மறுகை விரல்களில் நூலைச் சுற்றிக்கொண்டே, மெல்ல மெல்ல.

“என்னம்மா ஆச்சு? எதுக்கு இழுத்தே?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“நான் எங்க இழுத்தேன்? நீங்கதான் காலையிலேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கீங்க. என்னவோ ஏதோன்னு எழுந்து வந்தேன்” என்றவள், தலையணையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.