இந்தக் கூறு யாருக்கு?

"எட்டு நாளா நல்ல கூறு பக்கிரிக்கே விழுது. எங்க வூட்டுக்கு மட்டும் வெரலு நீட்டு காரப்பொடி மீனு. இன்னா மாமா, நாயமாக் கீதா இது?"

தேசம்மா கூடையைத் தொப்பென்று மணலில் போட்டாள். பட்டினப்பாக்கம் கரையே திரும்பிப் பார்த்தது. சுப்பராயன் மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

கட்டுமரம் அவருடையது. அவர், தேசம்மாவின் புருஷன் மிக்கேல், பக்கிரி என்று மூன்று பேர் கடலுக்குப் போவார்கள். கரைக்கு வந்ததும் மீனை மூன்று கூறாகக் குவிப்பார்கள். சுப்பராயன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பக்கிரி ஒரு கூறைத் துடுப்பால் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். பார்க்காமலே அவர் சொல்கிற பேருக்கு அந்தக் கூறு. பெரிய மீனை அறுத்துப் பங்கு போடும் வழக்கமெல்லாம் கிடையாது. விழுந்தது விழுந்ததுதான், அப்பீல் இல்லை.

"அது அதிர்ஸ்டம்மா. நான் முதுகைக் காட்டிக்கினுதானே நிக்கிறேன்?"

"முதுகுல கண்ணு இல்ல, காது கீதே! யாரோ சைகை குடுக்கறாங்கோ." அவள் பக்கிரி பக்கம் திரும்பினாள். "பெரிய ரோசக்காரன்! பொண்டாட்டி செண்பகம் ரெட்டைப் புள்ளை பெத்துட்டுப் பாலு ஊறாம கெடக்காளேன்னு ஒரு சட்டி சுறாப்புட்டு கொண்டாந்தேன். எவ தர்மமும் வேணாம்னு திருப்பி அனுப்பினே. இது மட்டும் இனிக்குதா?"

பக்கிரிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "தா, வார்த்தைய அளந்து பேசு! கங்கையம்மா கண்ணத் தொறந்து குடுக்கறா. இதுல திருட்டு கீதுன்னு தெரிஞ்சா, இந்தக் கூறுல ஒரு மீனைக்கூடத் தொட மாட்டேன்!"

"வுடு தேசம்மா, நமக்கு வாச்சது அவ்ளோதான்" என்றான் மிக்கேல்.

"நீ கம்முனு இரு! வாயில்லாப் பூச்சி."

சுப்பராயனுக்குத் தெரியும், திருட்டு நடந்தது வாஸ்தவம். எட்டு நாளும் நல்ல கூறைத் துடுப்பு தொடும்போது பின்னாலிருந்து ஓர் இருமல் வரும். உடனே அவர் பக்கிரி பேரைச் சொல்லிவிடுவார். வயசான காலத்தில் இந்த வம்பு நமக்குத் தேவையா என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் திரும்பி நிக்கிறேன். எவன் சைகை குடுக்கறான்னு பாத்துடறேன்" என்றாள் தேசம்மா. மாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்குத் தைரியம்? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

ஒரு கூறில் கை நீளத்துக்குப் பால்சுறா கிடந்தது. துடுப்பு அதைத்தான் முதலில் தொட்டது.

"இது யாருக்கு?"

ஓர் இருமல் கேட்டது.

அடப்பாவி, இன்னிக்குமா! சுப்பராயன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தேசம்மாவின் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. அலை வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போயிற்று. இன்னோர் அலையும் வந்தது.

"பக்கிரிக்கு" என்றாள் கடைசியில்.

"பாத்தியா, உன் வாயாலயே வந்துச்சு!" பக்கிரி சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓட்டமாய் ஓடினான். மிச்சமிருந்த இரண்டில் காரப்பொடிதான் மிக்கேலுக்கு விழுந்தது.

"சண்டைக்கு வந்தவளே இப்பிடி வுட்டுக் குடுத்துட்டியேம்மா!" என்றார் சுப்பராயன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

தேசம்மா காரப்பொடியைக் கூடையில் அள்ளிப் போட்டாள். பிறகு நிமிர்ந்து மிக்கேலை ஒரு முறை முறைத்தாள்.

"பன்னண்டு வருசமா காதாண்ட கேக்கற இருமலு எனக்குத் தெரியாதா? ஏன்யா, செண்பகத்துக்குப் பாலு ஊறணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் கூட வந்து இருமியிருப்பேனே!"