ஜன்னலில் ஒட்டிய பேட்ஜ்

மணி அடித்ததும் பொறியாளன் ஜன்னலுக்குப் பாய்ந்தான். கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டியிருந்த பேட்ஜைப் பிய்த்துச் சட்டையில் குத்திக்கொண்டான். கேமரா முன்னால் வந்து, முடிந்தவரை பரிதாபமாக இருமினான்.

"பேட்ஜைக் காட்டுங்க சார்" என்றார் திரையில் டாக்டர்.

காட்டினான். அந்தப் படம் பூமிக்குப் போய், அங்கிருந்து பதில் வரப் பல நிமிடங்கள் ஆகும். அவ்வளவு தூரம். அந்த விண்நிலையத்தில் அவனைத் தவிர ஈ காக்கா கிடையாது.

உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறுகிறது என்று சொல்வதுதான் பேட்ஜின் வேலை. நிலையத்திலேயே தடுப்பு மெலிந்த இடம் அந்த ஜன்னல். அவனோ தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே பத்திரமாகத் தூங்குகிறவன். பேட்ஜ் மட்டும் மாதக்கணக்கில் ஜன்னலோரம் வெந்துகொண்டிருந்தது.

பதில் வந்தது. டாக்டரின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சார் இது! ஆயுசுக்கே அனுமதிச்ச அளவைத் தாண்டிடுச்சே. இனிமே அங்க இருந்தா ரத்தப் புற்றுநோய், கண்ல புரை, ஞாபக மறதின்னு எது முதல்ல வரும்னே சொல்ல முடியாது. இன்னைக்கே கிளம்புங்க. இன்னைக்கு விட்டா அடுத்த பாதை அமைய ஒரு வருஷம் ஆகும். உங்களுக்குத் துணையா ஓர் ஆளை அனுப்பியிருக்காங்களாம், கிட்ட வந்தாச்சாம். நிலையத்தை அவங்க பாத்துக்குவாங்க. திரும்புற கலத்துக்குச் சுவர் மெல்லிசு, வழியிலயும் ஏறத்தான் செய்யும். வேற வழியில்ல."

பொறியாளன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். திரை அணைந்ததும் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்தான்.

இதுவரை உடம்பில் ஏறாதது இனிமேல் நிஜமாகவே ஏறும். ஏறட்டும். சாப்பிடும்போது எதிரே மனைவியின் முகம் இருந்தால், நாலு வருஷம் வாழ்ந்தாலும் போதும்.

அவளும் அவனோடு பயிற்சி எடுத்தவள்தான். தரையில் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிட்டாள். கொஞ்ச நாளாகக் குரல் மட்டும் அனுப்புகிறாள். முன்பெல்லாம் அவள் பதில் வருவதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடலாம். இப்போது சோற்றுப் பொட்டலத்தில் வெந்நீர் விட்டுக் கிளறுவதற்குள் வந்துவிடுகிறது.

"என்னடி, மைக்கைக் கையிலேயே வச்சிருக்கியா?" என்று நேற்றுக்கூடக் கேட்டான்.

"புருஷனைப் பாத்தே வருஷக்கணக்காச்சு. வேற எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதாம்?"

கலம் நிலையத்தைவிட்டுப் பிரிந்தது. இருந்த எரிபொருளை ஒரே மூச்சில் எரித்துத் தீர்த்தது. இனி பூமி வரும்வரை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது.

அவளிடம் சொல்லிவிட வேண்டியதுதான். வாயெல்லாம் பல்லாக மைக்கை எடுத்தான். அதற்குள் அவள் குரல் முந்திக்கொண்டது.

"ஏங்க, இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. மேலதிகாரி காலைப் பிடிச்சு, யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். உங்களுக்குத் துணைக்குக் கிளம்பின ஆள் நான்தாங்க. நாளைக்குக் கதவைத் திறக்க ரெடியா இருங்க!"