கையெழுத்து இல்லாத கோப்பு

அக்கா போனில் சொன்னது ஒரே வரி: "உன் மாமா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கார், வந்துட்டுப் போ."

தம்பி வந்தபோது மாமா லேப்டாப்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தார். தெரிந்தவரிடம் சல்லிசாகக் கிடைத்தது என்று முந்தாநாள் கொண்டுவந்தது. பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் திறந்துகொண்டது. அதில்தான் மகள் கல்லூரி ப்ராஜெக்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாளை ஒப்படைக்க வேண்டும்.

இன்று காலை திரையின் மூலையில் ஒரு கோப்பு மாமாவின் கண்ணில் பட்டது. பெயர், 'படங்கள்'.

"தொடலையே?"

"தொடுவேனா? எவனோ வச்சிட்டுப் போயிருக்கான். உலகம் பூரா திருட்டுப் பசங்க, மாப்ள."

வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவருக்கு இதில் மட்டும் இவ்வளவு உஷாரா என்றாள் அக்கா.

தம்பி கோப்புப் பெயரின் கடைசியில் மறைந்திருந்த '.exe' என்ற வாலை வரவழைத்துக் காட்டினான். படத்துக்கு இப்படி வால் இருக்காது. இது திறந்தால் ஓடுகிற புரோகிராம். செய்தவர் யார் என்று சொல்லும் டிஜிட்டல் கையெழுத்தும் இல்லை. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் நகத்தைக் கடித்தாள்.

எதற்கும் ப்ராஜெக்ட்டைப் பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னான். பிறகு, கோப்பைத் திறக்காமலே ஸ்கேன் செய்யும் தளம் ஒன்று உண்டு, நெட் வேண்டும் என்றான். மாமா இந்த லேப்டாப்புக்கு இதுவரை நெட் கொடுத்ததில்லை. வைரஸ் அந்த வழியாகத்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சற்றுத் தயங்கி, வைஃபை பாஸ்வேர்டைத் தம்பியின் காதில் சொன்னார்.

அந்தத் தளத்தின் அறுபது ஸ்கேனர்கள் பார்த்தன. ஒன்றுகூடக் குறை சொல்லவில்லை.

"அதுக்காக நம்பிடக் கூடாது மாமா. எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாததை வீட்ல வச்சுக்காதீங்க."

மாமா தலையாட்டினார். கோப்பைத் தன் கையாலேயே அழித்தார். இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள்.

டீ ஆறுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு போலீஸ்காரர். அவருக்குப் பின்னால் நின்ற பெண், மாமாவின் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்தாள்.

கோப்பு யோக்கியமானதுதான். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து மாமா தூக்கிவந்த லேப்டாப், நெட் கிடைத்ததும் முதல் வேலையாகத் தான் இருக்கும் இடத்தைத் தன் சொந்தக்காரிக்குச் சொல்லியிருந்தது.