செத்துப்போன பாடகி

"எங்க பாடகி அறுபத்தெட்டாம் வருஷமே செத்துப் போயிட்டா" என்றார் மேடையில் இருந்த கிழவர்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சுன்தொக்குக்குக் காது அடைத்தது.

அந்தப் பாடகி அவள்தான்.

தென் கொரியாவின் குன்சான் நகரில் அந்தச் சின்ன இசைத்தட்டுக் கடை வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களால் நிறைந்திருந்தது. யாருடைய கிடங்கிலோ கிடந்த பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்து புதுத் தட்டாகப் போட்டிருந்தார்கள். அவளுடைய பத்தொன்பது வயதுக் குரல் சற்று முன்புதான் அங்கே கத்தி ஓய்ந்திருந்தது.

கிழவர் பெயர் பெக் இன்ஹோ. அன்று கிட்டார் வாசித்தவன். அமெரிக்க ராணுவ முகாமை ஒட்டிய கிளப்புகளில் அவளோடு மேடையேறியவன். கட்டிக்கொள்கிறேன் என்றவன். பிறகு அவளை விட்டுவிட்டு, வியட்நாம் போரில் இருந்த சிப்பாய்களுக்கு வாசிக்க சைகோனுக்குக் கப்பலேறியவன்.

அப்போது அவளைச் சுவோன் ஊரில் அத்தை வீட்டில் அடைத்துவைத்திருந்த அண்ணன்தான் அதை வந்து சொன்னார். அடுத்த மாதமே ஓர் அரிசி ஆலைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். ஐம்பது வருஷமாக அவள் வீட்டில் ரேடியோ பாடியதில்லை.

விட்டுப் போனது போதாதென்று கொன்றும் விட்டானா?

இத்தனை பேர் முன்னால் அவனை நாறடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்தாள். பக்கத்தில் இருந்த அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இங்கே போகாதே என்று வாரம் முழுக்கத் தடுத்துப் பார்த்து, முடியாமல், தானும் கூடவே கிளம்பி வந்தவர்.

கையை உதறினாள்.

மேடையில் இன்ஹோ தலையைக் குனிந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க குழுவுல மத்த மூணு பேரும் சைகோன் போயிட்டானுங்க. அவ இல்லாம நான் வரலன்னுட்டு அவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லி, வீட்டுக்குப் பின்னால மலைச் சரிவுல கல்லு கூட நடாத ஒரு மண்மேட்டை அவ சமாதின்னு காட்டினாங்க. வருஷா வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு முன்னாடி போய்ப் புல்லு வெட்டிட்டு வர்றேன்."

அந்தச் சரிவில் கல் நடாத மேடு ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அம்மாவுடையது.

ஒவ்வொரு பண்டிகைக்கும் அவள் போகும்போது அங்கே புல் வெட்டியிருக்கும். அண்ணன்தான் வெட்டுகிறார் என்று நினைத்திருந்தாள். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் செய்த எல்லாவற்றையும் மன்னித்திருந்தாள்.

நின்றபடியே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா மேட்டுல இத்தன வருஷமா புல்லு வெட்டினது யாருண்ணே?"

மெதுவாகக் கேட்கவில்லை. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.



அந்தக் குரலைக் கேட்டு மேடையில் கிழவர் தலை நிமிர்ந்தார்.