பெட்டிக்குள் பாம்பு

பாம்பைப் பெட்டிக்குள் அடக்கும் விளையாட்டை ஆய்வகத்தில் ஆடியதற்காக, ஆராய்ச்சி மாணவி நிலோஃபரின் போனைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தார் பேராசிரியர் ஞானசிகாமணி. அடுத்த மாதமே, வருடக்கணக்காக மடங்காமல் அடம்பிடித்த புரதச் சங்கிலியை ஆய்வகக் கூட்டத்தில், கணினித் திரையில், வால் நுனியிலிருந்து மடக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். “எப்படி சார் தோணுச்சு?” என்று கேட்டாள் நிலோஃபர். “காலையில வாக்கிங் போறப்பம்மா,” என்றார். கூட்டம் கலைந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கை பட்டதும் திரை விழித்தது. விளையாட்டில் அவள் ஒருநாளும் எட்டாத கட்டத்தில், வால் நுனியிலிருந்து சுருண்டு, பெட்டிக்குள் கச்சிதமாகப் படுத்திருந்தது பாம்பு. விளையாட்டை மூடாமல் விட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் சுட்டது. அவள் பாம்பைப் பார்த்தாள், பிறகு பேட்டரி அளவைப் பார்த்தாள். “சார்ஜெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. தேங்க்ஸ் சார்,” என்றாள்.